பழைய பெட்டிக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்

என் தம்பி படுக்கையில் விழுந்து ஏழு வருஷம் ஆகிறது. ஹைவே ஓரத்தில் ஒரு ஷெட்டுக்குத் தகடு போடப் போனான். மேலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கையும் தலையும் நன்றாக இருக்கின்றன. அப்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று.

எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி ஏரியை ஒட்டி இருக்கிறது. வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, தம்பி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நைனாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். நான் ஏரியில் தொழில் செய்கிறேன். நான் கொண்டுவருவதை என் மனைவி ஆரம்பாக்கத்தில் விற்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றுதான் சொன்னார். தினமும் அவனை உட்கார வையுங்கள், படுத்தே இருந்தால் முதுகில் புண் வரும் என்றார். அந்தப் புண்ணிலேயே போனவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அவர் சொல்லிவிட்டார். இவன் உட்கார மாட்டான். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுப்போம். கையை விட்டதும் சரிந்துவிடுவான்.

"கொஞ்ச நேரம் குந்துடா."

"குந்தி இன்னா பாக்கப் போறேன்?"

எதிரே சுவர்தான் இருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இரண்டு தடவை புண் வந்தது. ஒரு தடவை ஆழமாகப் போய்விட்டது. தினமும் நான்தான் கழுவுவேன். அவனுக்கு அங்கே வலி தெரியாது. எனக்குத்தான் பார்க்க முடியாது. அது அவனுக்குத் தெரியக் கூடாது என்று ஏதாவது பேசிக்கொண்டே கழுவுவேன். எனக்குப் பேச்சு வராது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யார் வலையில் என்ன விழுந்தது, இவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு என் மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. மெட்ராஸில் செல்போன் கடையில் வேலை. கையில் ஒரு அரிசிப் பை. பைக்குள் ஒரு கறுப்புப் பெட்டி, ஐஸ் பெட்டி மூடி அளவுக்கு இருந்தது.

"இன்னா இது?"

"கேம் ஆட்ற பெட்டி மாமா. டிவில சொருகினா போதும். இவனுக்குக் கொண்டாந்தேன்."

"பழசா?"

"பழசுலாம் இல்ல மாமா. நல்லாத்தான் ஓடுது. புதுசு ஒண்ணு வந்துடுச்சி. அதனால இது பழசு."

அவன் புதியதை வாங்கிவிட்டான். இது வீட்டில் சும்மா கிடந்திருக்கிறது. எங்கள் டிவியில் சொருகிக் காட்டினான். பந்து ஆட்டம். தம்பி கையில் பொத்தான்கள் வைத்த ஒரு பிடியைக் கொடுத்தான். படுத்துக்கொண்டு அதை ஆட முடியாது. நெஞ்சின் மேல் வைத்து ஆடிப் பார்த்தான். கழுத்து வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ண்ணா, தூக்கி வுடு" என்றான்.

விழுந்ததிலிருந்து அவனே கேட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு தினமும் உட்கார்ந்தான். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். கட்டிலுக்குப் பின்னால் ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். புண் ஆறியது. திரும்ப வரவில்லை. அந்தப் பெட்டியில் ஓடும் ஆட்டம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் உட்காருகிறான் என்பது மட்டும் புரிந்தது.

மச்சினன் போனில் நெட்டைத் திறந்து பெட்டிக்குக் கொடுக்கவும் கற்றுத் தந்துவிட்டுப் போனான். அப்படிக் கொடுத்தால் வேறு ஊரில் இருப்பவனோடு ஆடலாம். காதில் மாட்டிக்கொண்டு பேசவும் செய்யலாம். தம்பிக்கு அப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன், பெங்களூர்க்காரன் ஒருவன். அதில் ஒருவன் எங்கள் ஏரிக்கே வடகரையில் இருப்பவன். ஆந்திரா பக்கம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாவா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அங்கே மாமன் மச்சான் முறைக்கு அப்படிச் சொல்வது.

தம்பி சில நாள் காதில் மாட்டாமல் டிவி சத்தத்தில் விடுவான். நான் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்பேன்.

"ஏம் பாவா, உன் கோல்கீப்பர் தூங்கறாரா? எழுப்பணுமா?" என்பான் வடகரைக்காரன்.

"உங்க ஊர் ஆளுங்க மாதிரி வலையைப் போட்டுட்டு ஓடிப் போவல. நிக்கிறான் பாரு."

"எல்லை தாண்டி வராத பாவா. படகைப் புடிச்சி வெச்சிடுவோம்."

"புடி. புடிச்சிப் பாரு. இதோ வந்துட்டேன். உள்ள!"

"அய்யய்யோ. இது அநியாயம் பாவா. இது தப்பாட்டம்."

தம்பி சிரிப்பான். அந்த வடகரை ஆட்களோடு தண்ணீரில் நான் சண்டை போட்டிருக்கிறேன். படகு தள்ளும் கோலை எடுத்து அடிக்கப் போயிருக்கிறேன். ஏரியில் எல்லை எது என்று வருஷம் தவறாமல் தகராறு வரும். இவன் இங்கே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவனிடமே நக்கல் பேசுகிறான்.

கரையில் என்னோடு தொழில் செய்யும் ஒருத்தன் ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தான். சும்மா இருக்க மாட்டான்.

"இன்னாப்பா, உன் தம்பி காலே இல்லாம அஞ்சு கோல் போட்றான். நீ ரெண்டு காலை வெச்சிக்கினு காலைல நாலு நண்டு கொண்டாந்த."

எனக்குச் சுருக்கென்றது. தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு நானும் சிரித்தேன்.

நாலு வருஷம் அந்தப் பெட்டி ஓடியது. பிறகு சத்தம் போட ஆரம்பித்தது. எஞ்சினில் தண்ணீர் ஏறாவிட்டால் ஒரு சத்தம் வருமே, அப்படி. ஒரு ஆட்டம் முடிவதற்குள் தானாக அணைந்துவிடும். தொட்டால் சுடும். பின்பக்கத்து ஓட்டைகளில் துரு தெரிந்தது.

"சூடு தாங்கலனு காட்டுது ண்ணா."

விசிறி வைத்துப் பார்த்தோம். கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு அதற்கும் அணைந்தது. மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"கம்பெனி சர்வீஸ்ல குடுத்துடு மாமா. ஆனா உஷாரா சீக்கிரம் குடு. அந்த மாடலை நிறுத்தறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எடுப்பாங்களாம்."

"நிறுத்தறதுன்னா?"

"பார்ட்ஸ் வராது. அதுக்கப்புறம் கை வெக்க மாட்டாங்க."

"ஓடிக்கினு இருக்கற பெட்டிக்கு எப்படிடா நிறுத்துவாங்க?"

"புதுசு வந்து எத்தினி வருஷம் ஆச்சி மாமா. இவ்ளோ நாள் பாத்ததே பெருசு."

என் படகு எஞ்சின் தம்பி ஸ்கூல் போகும்போது வாங்கியது. இன்றைக்கும் அதற்குச் சாமான் கிடைக்கிறது. இதற்கு ஏன் கிடைக்காது என்று எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆரம்பாக்கத்தில் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன். சர்வீஸ் செண்டர் கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஏசி. வாசலில் ஒரு மெஷின் டோக்கன் துப்பியது. என் நம்பர் வர ஒரு மணி நேரம் ஆனது. கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணில போட்டீங்களா சார்?"

"இல்லம்மா. காத்துதான்."

"காத்துல எப்படி சார் துருப் புடிக்கும்?"

"எங்க ஊர்ல காத்துலதான் புடிக்கும்."

அவள் சிரித்தாள். நல்ல பெண். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, பெட்டி வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது, அவருடைய ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். மச்சினன் அப்போது வேலையாக வெளியூர் போயிருந்தான், வர இரண்டு மாசம் ஆகும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துட்டு வாங்க சார். டோக்கன் மேலயே நம்பர் எழுதித் தர்றேன். அன்னைக்கு இதைக் காட்டுங்க, மறுபடி க்யூல நிக்க வேணாம்."

டோக்கன் சீட்டில் பேனாவால் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தேன். பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை மச்சினன் போனில் ஆதாரை அனுப்பினான். ஆரம்பாக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. எல்லாம் தயார். வியாழனும் வெள்ளியும் என் பாடு.

பாடு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். ஆளாளுக்குப் போய் வலை கட்டினால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போடும். எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டில் வரும். சீட்டு வந்துவிட்டால் அந்த நாள் உன்னுடையது. வேறு எவனும் அங்கே வலைக்கோல் ஊன்ற முடியாது. பாடு நாளில் விடியற்காலை இறாலை இறக்கிவிட்டு, வலையைச் சுத்தம் செய்து, சாயங்காலமே திரும்பப் போக வேண்டும்; நடுவில் மெட்ராஸ் போய்வர நேரம் இருக்காது. வீட்டில் சாவு விழுந்தாலோ, ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ ஊரில் சொல்லிவிட்டு முறையை மாற்றிக்கொள்ளலாம். உன் முறை உனக்கு இருக்கும். யாரும் ஏமாற்ற மாட்டார்கள். எனக்குத் தெரிந்து சீட்டு கையில் இருந்தவனை ஊர் திருப்பி அனுப்பியதில்லை.

இருபது நாளாக ஏரியில் ஒன்றும் இல்லை. அந்த வாரம்தான் மழை பெய்து, ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்து, இறால் ஏற ஆரம்பித்திருந்தது. வியாழனை விட்டால் அடுத்த முறை பல நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் இறால் இருக்குமோ என்னவோ.

வியாழக்கிழமை விடியற்காலை கரை ஏறினேன். நல்ல பாடு. என் மனைவி கூடையில் அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கி வெள்ளிக்கிழம. நான் இதை வித்துட்டு அப்படியே ரயிலைப் புடிச்சி அந்தப் பெட்டியைக் குடுத்துட்டு வர்றேன்."

"நாளைக்கும் இவ்ளோ விழுந்தா யாரு விக்கறது?"

"சீக்கிரமா தள்ளி வுட்டுட்டுப் போறேன்."

"தள்ளி வுட்டா பாதி வெலதான் வரும். நான் சனிக்கிழம போறேன்."

தம்பி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழம வரைக்கும்னு சொன்னாங்களே ண்ணா."

"அது சீட்டு வாங்காதவனுக்குடா. நமக்குச் சீட்டு குடுத்துட்டாங்க. நம்பர் எழுதியிருக்கு பாரு. நம்ம முறை எங்க போவும்?"

அவன் சீட்டை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். அவனும் ஏரியில் வளர்ந்தவன். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும். அல்லது அண்ணன் சொன்னால் மறுத்துப் பேசுகிற நிலையில் தான் இல்லை என்று விட்டிருப்பான். இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் நல்ல பாடு. அந்தப் பருவத்தில் எனக்கு அதுதான் நல்ல நாள்.

சனிக்கிழமை குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அதே கட்டடம். மெஷினில் டோக்கன் எடுக்கவில்லை. கையில்தான் இருக்கிறதே. நேராகக் கவுண்டருக்குப் போனேன். அதே பெண். என்னைத் தெரிந்துகொண்டாள். முகம் மாறியது.

"சார், நேத்தோட முடிஞ்சிடுச்சே."

"தெரியும்மா. எனக்குச் சீட்டு இருக்கு."

"அது டோக்கன் சார்."

"நீதானம்மா நம்பர் எழுதினது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கன்னு சொன்னேன் சார்."

"ஒருநாள்தான் தவறிப் போச்சி. எனக்கு வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் பாடு. மாத்த முடியாது. என் முறைய வேற ஆருக்காவது குடுத்திருந்தா, அடுத்த முறைல என்னை எடுத்துக்க. நான் காத்திருக்கேன்."

அவளுக்குப் புரியவில்லை. பாடு என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம் ஆவட்டும் பெரியவரே" என்றான். எனக்கு நாற்பத்தாறு வயது.

அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.

"பாருங்க சார், அந்த மாடலே லிஸ்டுல இல்ல. நானே நெனச்சாலும் உள்ள ஏத்த முடியாது. அடுத்த முறைன்னு ஒண்ணு கெடையாது சார்."

"இது ஓடணும்மா. இது ஓடினாத்தான் என் தம்பி குந்துவான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். பழையதைக் கொடுத்தால் புதியதில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். புதியது கண்ணாடிக்குள் நின்றது. வெள்ளையாக, உயரமாக. விலையைக் கேட்டேன். சரிம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆரம்பாக்கத்தில் இறங்கி, பஸ் வந்தும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்குத்தான் ஏறினேன்.

வீட்டில் தம்பி உட்கார்ந்திருந்தான். எனக்காகச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் பையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எடுத்துக்கலயா?"

"நேத்தோட முடிஞ்சிதாம்."

"சரி."

"என்னைச் சாச்சி வுடு ண்ணா" என்றான். சாய்த்துவிட்டேன்.

என் மனைவி சும்மா விடவில்லை. அவள் சொன்னது சரிதான்.

"சீட்டு சீட்டுன்னு வெச்சிக்கினு இருந்தியே. ஏரி சட்டம் மெட்ராஸ் வரைக்கும் ஓடும்னு நெனச்சியாய்யா? நான்தான் போறேன்னு சொன்னேன். ரெண்டு கூடை இறாலுக்குப் பாத்துக்கினு..."

கூடையைக் கழுவப் போய்விட்டாள்.

பெட்டி இரண்டு மாசம் அலமாரியில் கிடந்தது. தம்பி உட்காரவில்லை. கெஞ்சிப் பார்த்தேன். அதட்டியும் பார்த்தேன். சினிமா போட்டுக் கொடுத்தேன். போனில் ஏதோ ஆட்டம் இறக்கிக் கொடுத்தேன். அதைப் படுத்துக்கொண்டே ஆடலாம். படுத்துக்கொண்டே ஆடினான். பிறகு அதையும் விட்டான். ஷேவ் செய்துகொள்வதை நிறுத்தினான். நாலாவது வாரம் அவனைத் திருப்பிப் போடும்போது என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். பழைய புண் இருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. பத்து நாளில் திறந்துவிட்டது.

திரும்பக் கழுவ ஆரம்பித்தேன். காலையில் கரையிலிருந்து வந்ததும் கழுவுவேன். சாயங்காலம் போகும் முன் கழுவுவேன். காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வாயைத் திறப்பேன். சொல்ல முடியாது. இரண்டு நாள் இறாலுக்கு இது என்று தோன்றும். அந்த இறால் விற்ற காசு எதில் போனது என்றுகூட நினைவில்லை.

மச்சினன் வெளியூரிலிருந்து திரும்பி வந்தான். விஷயத்தைக் கேட்டான். பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். மெட்ராஸில் ஒரு மாடியில் ஒரு ஆள் இருக்கிறாராம். செத்த பெட்டிகளை வாங்கிப் பிரித்து வைத்திருப்பார். கம்பெனி கைவிட்டதையெல்லாம் அவர்தான் பார்ப்பாராம். வேறொரு செத்த பெட்டியின் விசிறியையும் ஒரு தகட்டையும் எடுத்து இதில் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு மணி நேரம் ஓட்டினா ஒரு மணி நேரம் ரெஸ்ட் குடுக்கணும்னு சொன்னாரு மாமா. மேல் மூடிய போடாதீங்க. கேரன்ட்டிலாம் இல்ல. இன்னொரு தடவை போச்சின்னா அவர்கிட்டயும் பார்ட்டு இல்ல."

மூடி இல்லாமல் டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஓடியது. தம்பி கேட்காமலே தூக்கி உட்கார வைத்தேன். மறுக்கவில்லை. புண் படாமல் இருக்க மடித்த துணியை வளையமாக வைத்தேன்.

அவன் ஆட்டத்தைத் திறக்கவில்லை. பெயர்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தான். ஆள் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஏழெட்டு எரியும். அன்றைக்கு ஒன்றும் எரியவில்லை. இரண்டு மாசத்தில் எல்லாரும் ஒவ்வொருவராகப் புதுப் பெட்டிக்குப் போயிருந்தார்கள். புதுப் பெட்டியில் இருப்பவனோடு பழைய பெட்டியில் இருப்பவன் அந்த ஆட்டத்தை ஆட முடியாதாம். வடகரைக்காரன் மட்டும் ஒரு சேதி போட்டு வைத்திருந்தான். தம்பி அதைப் படித்துக் காட்டினான்.

"பாவா எங்க போய்ட்ட. இருபது நாள் பாத்தேன். நான் புது பாக்ஸ் வாங்கிட்டேன். நீயும் சீக்கிரம் வா."

அதற்குத் தம்பி ஏதோ பதில் எழுதினான். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. பதில் வரவில்லை.

"நம்பர் இருக்கா? போன் பண்ணு."

"நம்பர் இல்ல. பேரே தெரியாது ண்ணா. நான் அவனுக்குப் பாவா, அவன் எனக்குப் பாவா."

"எந்த ஊருனு சொல்லு. தண்ணில அந்தப் பக்கத்து ஆளுங்களைப் பாப்பேன். கேட்டு வெக்கறேன்."

"வேணாம்."

"ஏன்டா?"

"கேட்டா வூட்டுக்கு வருவான். வந்தா பாப்பான்." பிடியைக் கீழே வைத்தான். "அவனுக்குத் தெரிஞ்ச ஆளு ஓடுறவன். அப்படியே இருக்கட்டும்."

சில நாள் முகம் தெரியாத ஆட்களோடு ஆடப் பார்த்தான். பெட்டி ஆள் தேடும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். பிறகு பெட்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஒருநாள் கம்பெனியிடமிருந்து திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. அந்த ஆட்டத்துக்குப் பழைய பெட்டியில் வெளி ஆட்களோடு ஆடுகிற வசதியும் நிற்கப் போகிறது.

"இன்னாடா போட்டிருக்கான்?"

"லைனையும் கட் பண்ணப் போறானாம்."

"எப்போ?"

"எப்பனா இன்னா ண்ணா. இப்ப மட்டும் ஆரு இருக்காங்க?"

அன்றைக்குச் சீக்கிரமே சாய்த்துவிடச் சொன்னான். அடுத்த நாள் உட்கார வேண்டாம் என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது, இது பழையபடி போகப் போகிறது.

மச்சினனுக்குப் போன் போட்டு இன்னொரு பிடி வாங்கி வரச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டான். எனக்கு என்றேன்.

பிடி வந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா பண்ற?" என்றான் தம்பி.

"ஆடப் போறேன்."

"உனக்கு வராது ண்ணா."

"குந்துடா. காட்டு."

எந்தப் பொத்தானுக்கு எது என்று ஒரு தடவை சொன்னான். என் விரல் தடிமன். ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு அமுங்கும். என் ஆள் பந்தை விட்டுவிட்டு எங்கேயோ ஓடினான். எல்லாரும் ஒரே உயரத்தில் இருக்கிறார்கள், எது என் ஆள் என்று கண்டுபிடிப்பதற்குள் கோல் விழுந்துவிடும். முதல் நாள் ஒன்பது கோல் வாங்கினேன்.

"இதுல இன்னா இருக்கு எனக்கு?" என்று சலித்துக்கொண்டான். "கல்லோட ஆட்ற மாதிரி இருக்கு."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "கல்லுகூட இடத்துல நிக்கும். உங்க அண்ணன் ஆளு கோட்டைத் தாண்டி ஓடிக்கினு இருக்கான்" என்றாள்.

இரண்டாம் நாளும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், "எழுந்து போ ண்ணா, தலை வலிக்குது உன்னோட" என்று கத்தினான். போய்விட்டேன். நாலாம் நாள் கரையிலிருந்து வந்து, புண்ணைக் கழுவி, சோறு தின்று, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். முழிப்பு வந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கி இல்லியா?"

"இரு. மூஞ்சி கழுவிக்கினு வர்றேன்."

இப்போது ஐந்து மாசம் ஆகிறது. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம். பெட்டிக்கும் எனக்கும் அதற்கு மேல் முடியாது. எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். பாடு இருக்கிற நாளில் பாதி ஆட்டத்தில் பிடி கையிலிருந்து நழுவும். அவன் கட்டிலில் தட்டுவான். "ண்ணா, பந்து உன்கிட்ட." முழித்து எதையாவது அமுக்குவேன். இதுவரைக்கும் நாலு கோல் போட்டிருக்கிறேன். அதில் இரண்டு என் பக்கத்திலேயே போட்டது. அதற்கு அவன் சிரித்தான். முன்பு சிரித்த மாதிரி இல்லை.

எனக்கு ஆட வராது என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு அதில் விருப்பம் இல்லை என்பதும் தெரியும். அவன் உட்காருவது ஆட்டத்துக்கா, என் பொருட்டா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. புண் ஓரத்திலிருந்து மூடி வருகிறது. நடுவில் இன்னும் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினோம். இப்படியே தினமும் உட்காரட்டும், இன்னும் இரண்டு மாசம் பார்ப்போம் என்றார்.

பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்று மச்சினனால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது. நேற்று நடுவில் ஒருமுறை அணைந்தது. இரண்டு பேரும் காத்திருந்தோம். அவன் சாய்த்துவிடச் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. சூடு ஆறியதும் திரும்பப் போட்டேன்.